ராபர்ட் ஏ. ஹைன்லைன்

ராபர்ட் ஆன்சன் ஹைன்லைன் (ஜூலை 7, 1907 - மே 8, 1988) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆவார். ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோருடன் இவரும் சேர்த்து ஆங்கில அறிவியல் புனைகதையின் மூன்று பெரும் எழுத்தாளர்களுள் ஒருவராக எண்ணப்படுகிறார். இளமையில் கடற்படை அதிகாரியாக இருந்த இவர், நோயினால் படையிலிருந்து விலக நேர்ந்த பின்னரே எழுதத் தொடங்கினார். 1959-இல் வெளிவந்த ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் என்னும் புதினத்தில், போர்வீரன் உடல் முழுவதும் அணிந்துகொள்ளும் விசைக் கவசம் ஒன்றை விரிவாக விவரித்தார். அணிபவரின் அசைவை உணர்ந்து, மோட்டார் முதலியவற்றின் வலிமையால் அவ்வசைவைப் பெருக்கித் தரும் உடையே விசைக் கவசம் எனப்படுகிறது. நண்டு, வண்டு போன்ற உயிரினங்களின் உடலுக்கு வெளியே அமைந்த ஓட்டைப் புறவன்கூடு என்பர். அதனை ஒத்து மனித உடலுக்கு வெளியே பொருத்தப்படும் இயந்திரச் சட்டகங்களுக்கும் அப்பெயரே வழங்குகிறது. இத்துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவரும் படைத்துறை முயற்சிகள் பெரும்பாலும் ஹைன்லைனின் கற்பனையோடு ஒப்பிட்டே பேசப்படுகின்றன.

இளமை

ஹைன்லைன் மிசூரி மாநிலத்தின் பட்லர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ரெக்ஸ் ஐவர் ஹைன்லைன், தாய் பாம் லைல் ஹைன்லைன். ஏழு குழந்தைகளில் இவர் மூன்றாமவர். குடும்பம் கான்சஸ் நகரத்திற்குக் குடிபெயர்ந்ததால் அங்கேயே வளர்ந்தார். சிறுவயதிலேயே வானியலில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1924-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னர் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் நகரில் உள்ள ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்று 1929-இல் பட்டம் பெற்றார்.

கடற்படைப் பணி

பட்டம் பெற்றதும் லெக்சிங்டன் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலில் பணியமர்த்தப்பட்டார். அக்காலத்தில் கப்பலிலிருந்து வானூர்தி செலுத்துவது புதிய தொழில்நுட்பமாக இருந்தது. பறக்கும் வானூர்திகளோடு வானொலி வழியே தொடர்புகொள்ளும் பணியிலும் ஹைன்லைன் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் தலைமையை ஏற்ற எர்னஸ்ட் கிங், லெக்சிங்டனில் இவருடைய கப்பல் தலைவராக இருந்தவர் ஆவார். 1933-இல் ரோப்பர் என்னும் நாசகாரிக் கப்பலுக்கு மாற்றப்பட்டு, பீரங்கி அதிகாரியாகப் பணியாற்றினார்.

பீரங்கிப் பணி இவருடைய பிற்காலக் கற்பனைக்கு நேரடித் தொடர்புடையது. அசையும் கப்பலிலிருந்து அசையும் இலக்கைக் குறிபார்க்க வேண்டுமானால், மனிதன் சிறு சக்கரம் ஒன்றைத் திருப்ப, பல டன் எடையுள்ள பீரங்கிக் கோபுரம் அதே அளவு பிசகாமல் திரும்பவேண்டும். சிறிய அசைவைப் பெரிய விசையாக மாற்றி, பிழையை அளந்து, அப்பிழை மறையும்வரை திருத்திக்கொண்டே இருக்கும் இத்தகைய அமைப்புகளை அன்றைய கடற்படைப் பொறியாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். விசைக் கவசத்தின் அடிப்படையும் இதுவே.

1934-இல் ஹைன்லைனுக்கு நுரையீரல் காசநோய் கண்டது. நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்தபின், நிலையாகப் பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப்பட்டுப் படையிலிருந்து ஓய்வளிக்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 27. வாழ்நாள் முழுவதும் கடற்படை அதிகாரியாகவே இருக்க எண்ணியிருந்தவருக்கு இது பேரிழப்பாயிற்று. படுக்கையில் கிடந்த நாட்களில், நோயாளிக்குப் புண் உண்டாகாதவாறு நீர் நிரப்பிய படுக்கை ஒன்றை மனத்தில் வடிவமைத்தார். பின்னர் தம் புதினங்களில் அதனை விவரித்தார். 1960-களின் இறுதியில் வேறொருவர் நீர்ப்படுக்கைக்குக் காப்புரிமை கோரியபோது இவ்விவரணைகள் அதற்குத் தடையாக அமைந்தன.

எழுத்துலகில் நுழைவு

படையிலிருந்து விலகிய பின் கலிஃபோர்னியாவில் குடியேறி, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் சில வாரங்கள் கணிதமும் இயற்பியலும் பயின்றார். நிலம் விற்றல், வெள்ளிச் சுரங்கம் எனப் பல தொழில்களை முயன்று பார்த்தார். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1934-இல் வறுமை ஒழிப்பை முன்வைத்து மாநில ஆளுநர் தேர்தலில் போட்டியிட்டபோது அவ்வியக்கத்தில் பணியாற்றினார். 1938-இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்குத் தாமே போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பிற்காலத்தில் கடும் வலதுசாரி என்று விமர்சிக்கப்பட்ட ஒருவரின் அரசியல் வாழ்க்கை இடதுசாரி இயக்கத்தில் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டுக் கடனை அடைப்பதற்காகவே எழுதத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. லைஃப்-லைன் என்னும் முதற் சிறுகதை, ஜான் கேம்பல் ஆசிரியராக இருந்த அஸ்டவுண்டிங் இதழில் 1939 ஆகஸ்டில் வெளியானது. அதற்காக இவர் பெற்ற தொகை 70 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அவ்விதழின் முதன்மை எழுத்தாளராகிவிட்டார். 1941-இல் எழுதிய ஒரு கதையில், கதிரியக்கத் தூசு பேரழிவு ஆயுதமாகப் பயன்படுவதையும், அதன்பின் எந்த நாடும் பாதுகாப்பாக இருக்க இயலாத நிலையையும் சித்தரித்தார். அணுகுண்டு வெடிப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது.

வால்டோ

1942 ஆகஸ்டில், ஆன்சன் மெக்டொனால்ட் என்னும் புனைபெயரில், வால்டோ என்ற குறும்புதினத்தை வெளியிட்டார். இதன் நாயகன் வால்டோ பிறவியிலேயே தசைகள் மிகத் தளர்ந்தவன். மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நோயினால் கரண்டியைத் தூக்கவும் அவனால் இயலாது. எடை உணரப்படாத விண்வெளி வீட்டில் தனித்து வாழும் அவன், தன் விரலசைவுகளைப் பின்பற்றி இயங்கும் இயந்திரக் கைகளை அமைத்துக்கொள்கிறான். கையுறை போன்ற ஒரு கருவிக்குள் அவன் விரலை மடக்கினால், தொலைவிலுள்ள இயந்திரக் கையும் மடங்கும். அக்கைகளுள் சில மனிதனைவிடப் பெரியவை. சிலவற்றை வைத்து அவற்றைவிடச் சிறிய கைகளையும், அவற்றைக் கொண்டு இன்னும் சிறியவற்றையும் செய்து, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகிறான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1959-இல் நிகழ்த்திய புகழ்பெற்ற நுண்தொழில்நுட்ப உரையிலும் ஏறத்தாழ இதே வழிமுறை இடம்பெற்றது.

1940-களின் இறுதியில் அணு ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து கையாளும் இயந்திரக் கைகள் உருவாயின. ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் அமைத்தவை இவற்றுள் முன்னோடியானவை. இத்தகைய கருவிகளுக்கு வால்டோ என்ற பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஒரு புனைகதை மாந்தனின் பெயர் பொறியியல் சொல்லானதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

ஹைன்லைன் இயந்திர வலிமையைப் பற்றி முதலில் எழுதியது போர்வீரனுக்காக அன்று, வலுவிழந்த நோயாளிக்காக என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. உடல் ஒத்துழைக்காமல் பணியை இழந்த ஒருவர் இதை எழுதினார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், வால்டோவே இவருடைய விசைக் கவசத்தின் முதல் வரைவு எனலாம்.

போர்க்காலமும் அதன் பின்னும்

பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் ஹைன்லைன் மீண்டும் படையில் சேர முயன்றார். உடல்நிலை காரணமாக ஏற்கப்படவில்லை. எனவே ஃபிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் இருந்த கடற்படை வானூர்திச் சோதனை நிலையத்தில் குடிமைப் பொறியாளராகப் பணியாற்றினார். தம் முயற்சியால் அசிமோவையும் ஸ்ப்ரேக் டி கேம்ப்பையும் அங்கு வரவழைத்தார். போர்க்காலம் முழுவதும் இவர் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை.

1929-இல் எலினோர் கரியையும், 1932-இல் லெஸ்லின் மெக்டொனால்டையும் மணந்திருந்த இவர், இரண்டாம் மணமும் முறிந்தபின் 1948-இல் வர்ஜீனியா கெர்ஸ்டன்ஃபெல்டை மணந்தார். வர்ஜீனியா கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றிய வேதியியலாளர். ஃபிலடெல்ஃபியாவில் ஹைன்லைனுடன் பணிபுரிந்தவர். இறுதிவரை இவருடைய எழுத்துகளின் முதல் வாசகராகவும் இருந்தார்.

1947 முதல் ஸ்கிரிப்னர் பதிப்பகத்திற்காக ஆண்டுக்கு ஒன்றாக 12 இளையோர் புதினங்களை எழுதினார். 1950-இல் வெளிவந்த டெஸ்டினேஷன் மூன் திரைப்படத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார். டபுள் ஸ்டார் என்ற புதினத்திற்காக 1956-இல் முதல் ஹியூகோ விருதைப் பெற்றார்.

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்

1958-இல், அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா ஒருதலையாக நிறுத்தவேண்டும் என்று கோரும் விளம்பரம் ஒன்று நாளிதழ்களில் வெளியானது. சோவியத் ஒன்றியத்தின் முன் நாட்டைப் பலவீனப்படுத்தும் செயலாக இதனைக் கருதிய ஹைன்லைன், தாம் வாழ்ந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் சொந்தச் செலவில் எதிர் விளம்பரம் வெளியிட்டார். ஆதரவு மிகக் குறைவாகவே கிடைத்தது. அப்போது எழுதிக்கொண்டிருந்த நூலை நிறுத்திவைத்து, குடிமகனின் கடமை, போர், தியாகம் ஆகியவை குறித்த புதினம் ஒன்றை விரைந்து எழுதினார். இளையோருக்கு ஏற்றதன்று என்று ஸ்கிரிப்னர் அதனை மறுத்தது. அத்துடன் அப்பதிப்பகத்துடனான உறவு முடிவுற்றது. 1959-இல் ஃபேன்டசி அண்டு சயின்ஸ் ஃபிக்ஷன் இதழில் சுருக்கமாகத் தொடராக வந்த பின், புட்னம் பதிப்பகம் நூலாக வெளியிட்டது. 1960-இல் ஹியூகோ விருது பெற்றது.

கதை எளிமையானது. ஜுவான் ரிக்கோ என்னும் இளைஞன் வருங்காலத் தரைப்படையில் சேர்ந்து, பயிற்சி பெற்று, பூச்சி போன்ற வேற்றுக்கோள் உயிரினங்களோடு போரிடுகிறான். அவன் பிலிப்பினோ என்பது இறுதியில்தான் வாசகருக்குத் தெரியவரும். போர்க்காட்சிகள் குறைவு. பயிற்சி முகாமும் வகுப்பறை விவாதங்களும் மிகுதி.

விசைக் கவசம்

புதினத்தின் வீரர்கள் அணியும் கவசம், முழு ஆயுதங்களுடன் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையுள்ளது. தோற்றத்தில் பெரிய உலோகக் கொரில்லாவை ஒத்தது. அணிந்தவர் ஓடலாம், படுக்கலாம், முட்டையை உடையாமல் எடுக்கலாம், கட்டடங்களைத் தாவலாம். தாவுவதற்குத் தாரைப்பொறிகளும் உண்டு. தலைக்கவசத்தினுள் காட்சித் திரைகளும் வானொலியும் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைத் தலையசைவினாலும் தாடையினாலும் மாற்றிக்கொள்ளலாம். கைகள் ஆயுதத்திற்கே உரியவை.

இவையெல்லாம் அலங்காரங்களே. நூலின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. கவசம் அணிந்த மனிதரின் கதை ஹைன்லைனுக்கு முன்பும் உண்டு. ஈ. ஈ. ஸ்மித்தின் கதைகளில் 1930-களிலேயே அத்தகைய கவசங்கள் வருகின்றன. 1890-இல் ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாகின், நடப்பதற்கும் ஓடுவதற்கும் உதவும் வில்போன்ற சுருள்களைக் கொண்ட கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஹைன்லைன் செய்தது, அத்தகைய கவசம் எவ்வாறு கட்டுப்படுத்தப்படும் என்ற கேள்விக்கு விடையளித்ததாகும். கவசத்தின் உட்புறம் முழுவதும் நூற்றுக்கணக்கான அழுத்த உணரிகள் உள்ளன. அணிந்தவர் கையை அசைத்தால் தோல் உணரியை அழுத்துகிறது. அந்த அழுத்தம் மறையும்வரை கவசம் அதே திசையில் நகர்கிறது. அழுத்தம் சுழியானதும் நின்றுவிடுகிறது. இதற்குப் பொறியியலில் எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். இதனால் அணிந்தவர் கவசத்தை ஓட்டவேண்டியதில்லை. வண்டியோட்டுபவரைப் போல நெம்புகோல்களில் கவனம் செலுத்தாமல், தன் உடலை அசைப்பதுபோலவே அசையலாம். போர்க்களத்தில் கவனமே உயிர் என்பதால், ஹைன்லைன் இதனையே கவசத்தின் பெரும் பயனாகக் காட்டுகிறார்.

ஆனால் ஒன்றைப் பற்றி நூல் ஏறக்குறைய ஒன்றும் கூறவில்லை. அரை டன்னுக்கும் மேற்பட்ட உலோகத்தை நாள் முழுவதும் அசைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே அது. கதைசொல்லியான ரிக்கோ, தான் கவசத்தைப் பயன்படுத்துபவனேயன்றிச் செய்பவன் அல்லன் என்ற நிலையில் நின்று, இக்கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறான். எழுத்தாளருக்கு இது நல்ல உத்தி. பொறியாளருக்குத்தான் சிக்கல்.

விமர்சனங்கள்

புதினத்தில் வரும் சமூகத்தில், தன்னார்வமாகப் பொதுப்பணி ஆற்றி முடித்தவர்களுக்கே வாக்குரிமை உண்டு. இது படைவாதத்தைப் போற்றுவதாகவும், பாசிசத்திற்கு நெருக்கமானதாகவும் பலர் கண்டித்தனர். அப்பணி படைப்பணியாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்று ஹைன்லைன் பின்னர் விளக்கினார். ஆயினும் நூலின் உரையை வைத்துப் பார்க்கும்போது அவ்விளக்கம் பொருந்தவில்லை என்ற கருத்து வலுவாகவே உள்ளது. கட்டாய இராணுவச் சேவையை இவர் முற்றிலும் எதிர்த்தார் என்பதும் உண்மை. நூலில் வருபவர்கள் அனைவரும் தாமாகச் சேர்ந்தவர்கள், எந்நேரமும் விலகிக்கொள்ளக் கூடியவர்கள்.

வியட்நாம் போரில் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றிக் காயமுற்ற ஜோ ஹால்ட்மன், 1974-இல் த ஃபாரெவர் வார் என்ற புதினத்தை எழுதினார். அதிலும் வீரர்கள் விசைக் கவசம் அணிகின்றனர். ஆனால் அங்கு கவசமே வீரனைக் கொல்லக்கூடும். சிறு தவறும் உயிரைப் பறிக்கும். போரின் பொருளும் எவருக்கும் விளங்குவதில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது பயனுள்ளது. 1997-இல் பால் வெர்ஹோவன் இயக்கிய திரைப்படம் மூலநூலின் அரசியலை எள்ளலாக மாற்றியது. வியப்பளிக்கும் வகையில் அதில் விசைக் கவசம் இடம்பெறவேயில்லை. ஜப்பானில் நிலைமை வேறு. அங்கு 1979-இல் வெளிவந்த கண்டம் என்ற இயங்குபடத் தொடரின் மாபெரும் இயந்திர உடைகளுக்கு இப்புதினம் தூண்டுதலாக இருந்தது.

பிற்காலம்

நிறுத்திவைத்த நூலை முடித்து, ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட் என்ற பெயரில் 1961-இல் வெளியிட்டார். படைவாதி என்று ஏசப்பட்டவரின் இந்நூலை, போர் எதிர்ப்பு இளைஞர்களும் ஹிப்பிகளும் கொண்டாடினர். இதற்கும், நிலவுக் குடியேற்றத்தின் விடுதலைப் போரைக் கூறும் த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ் நூலுக்கும் ஹியூகோ விருதுகள் கிடைத்தன. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வால்டர் கிரான்கைட்டுடன் விருந்தினராகப் பங்கேற்றார். 1975-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் பெருந்தகை விருதைப் பெற்ற முதல்வர் ஆனார்.

1970-இல் வயிற்று உட்சவ்வு அழற்சியால் உயிருக்குப் போராடினார். அரிய வகை இரத்தம் கொண்ட இவருக்கு முன்பின் அறியாதவர்கள் அளித்த இரத்தமே உயிரளித்தது. அதன்பின் வாசகர் மாநாடுகளில் இரத்ததான முகாம்கள் நடத்துவதை வழக்கமாக்கினார். 1978-இல் மூளைக்குச் செல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தம்மைப் பிழைக்கவைத்த மருத்துவக் கருவிகள் பல விண்வெளி ஆய்வின் பக்கவிளைவுகள் என்றும், முதியோரும் உடல் ஊனமுற்றோரும் அவ்வாய்வினால் பெறும் பயன் பெரிது என்றும் எடுத்துரைத்தார்.

இறுதி ஆண்டுகளில் நுரையீரல் நோயும் இதயத் தளர்ச்சியும் இவரை வருத்தின. 1988 மே 8 அன்று கலிஃபோர்னியாவின் கார்மெல் நகரில் காலமானார். இவருடைய சாம்பல் பசிபிக் பெருங்கடலில் தூவப்பட்டது. நாசாவின் சிறந்த பொதுச்சேவைப் பதக்கம் அவ்வாண்டே மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

விசைக் கவசத்தை உருவாக்கும் முயற்சிகள்

புதினம் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1965-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்கத் தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் நிதியுதவியோடு ஹார்டிமன் என்ற புறவன்கூட்டை அமைக்கத் தொடங்கியது. இதில் இரண்டு சட்டகங்கள் ஒன்றனுள் ஒன்றாக இருந்தன. உட்சட்டகம் மனித அசைவைப் பின்பற்றும். வெளிச்சட்டகம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கி, அதே அசைவைப் பன்மடங்கு வலிமையோடு செய்யும். 680 கிலோகிராம் பளுவைத் தூக்குவது இலக்கு. கருவியின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் முழுச் சட்டகத்தையும் ஒருசேர இயக்க முயன்றபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. எனவே உள்ளே மனிதரை வைத்து அதனை முழுமையாக இயக்கவேயில்லை. ஒரு கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. 1971-இல் திட்டம் முடிவுற்றது. ஹைன்லைன் சில வரிகளில் கடந்துசென்ற பின்னூட்டம், நடைமுறையில் எவ்வளவு கடினமானது என்பதை ஹார்டிமன் காட்டியது. திருத்தம் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்தாலும் அது திருத்தமாக இராமல் புதிய பிழையாகி, அதிர்வு பெருகிக்கொண்டே போகும். அன்றைய கணினிகள் இதற்குப் போதுமான வேகம் கொண்டிருக்கவில்லை.

2001-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா முகமை மீண்டும் இத்துறைக்கு நிதியளித்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்களுக்கான புறவன்கூடும், சார்க்கோஸ் நிறுவனத்தில் முழு உடலுக்கான எக்சோஸ் என்ற கருவியும் உருவாயின. கணினிகள் வேகம் பெற்றிருந்தமையால் கட்டுப்பாடு பெருமளவு கைவந்தது. எக்சோஸ் அணிந்தவர் பந்தை உதைக்கவும், படியேறவும், பளு தூக்கவும் முடிந்தது. ஆயினும் 2010-இல் வெளியான அதன் இரண்டாம் வடிவமும் வெளியிலிருந்து ஆற்றலைக் கொண்டுவரும் குழாயோடு பிணைக்கப்பட்டே இருந்தது.

இங்குதான் ஹைன்லைன் தவிர்த்த கேள்வி எதிர்ப்படுகிறது. ஒரு கவசம் சராசரியாக 5 கிலோவாட் திறனை உட்கொள்வதாகக் கொள்வோம். 8 மணி நேரத்திற்கு 40 கிலோவாட்-மணி ஆற்றல் வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு 250 வாட்-மணி தரும் நல்ல லித்தியம் மின்கலங்களைக் கொண்டு இதனைப் பெற 160 கிலோகிராம் மின்கலங்கள் தேவை. அவற்றைச் சுமக்க மேலும் ஆற்றல் தேவை. பெட்ரோலில் கிலோகிராமுக்கு இதைப்போல் பல மடங்கு ஆற்றல் உண்டு எனினும், ஓசையும் வெப்பமும் புகையும் எதிரிக்கு வீரனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2013-இல் அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைப் படைத் தலைமையகம், குண்டு துளைக்காத விசைக் கவசம் ஒன்றை ஐந்து ஆண்டுகளில் உருவாக்கும் டேலோஸ் திட்டத்தை அறிவித்தது. ஆப்கானிஸ்தானில் பிணையாளியை மீட்கும் நடவடிக்கையில் முதலில் உட்புகுந்த வீரர் உயிரிழந்ததே இதற்குத் தூண்டுதல். கதவைத் திறந்து முதலில் நுழைபவரைக் காப்பது என்ற ஒரே நோக்கம் கொண்ட திட்டம் அது. 2019-இல், நெருங்கிய சண்டைக்கு அக்கவசம் பொருந்தாது என்று அறிவித்துத் திட்டம் கைவிடப்பட்டது. உணரிகள், காட்சித் திரைகள், இலகுவான காப்புப் பொருள்கள் முதலிய பகுதிகள் தனித்தனியே வேறு பணிகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

இதற்கு மாறாக, வால்டோவின் வழியில் வந்த கருவிகள் விரைவாகப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தவர்கள் எழுந்து நடக்க உதவும் ரீவாக் என்ற புறவன்கூட்டுக்கு 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. ஜப்பானின் சுகுபா நகரில் உருவான ஹால் என்ற கருவி, தோலின் மேல் தோன்றும் மெல்லிய மின்குறிப்புகளைக் கொண்டு அணிந்தவரின் எண்ணத்தை அறிந்து கால்களை அசைக்கிறது. நோயாளிக்குத் தேவை மணிக்குச் சில கிலோமீட்டர் வேகம், சில மணி நேர மின்கலம், சமதளமான தரை. போர்வீரனுக்கு இம்மூன்றும் போதா.

படைத்துறை முயற்சிகளின் திசையும் மாறியுள்ளது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் காலாட்படையினர் 45 கிலோகிராமுக்கும் மேற்பட்ட சுமையோடு மலைகளில் நடந்தனர். முதுகிலும் முழங்காலிலும் ஏற்பட்ட காயங்கள் பலரைப் பணியிலிருந்து விலக்கின. எனவே குண்டைத் தடுக்கும் இரும்பு உடைக்குப் பதிலாக, மூட்டுகளின் பளுவைக் குறைக்கும் இலகுவான துணைக்கருவிகளில் கவனம் திரும்பியுள்ளது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் டார்ப்பா நிதியுதவியில் உருவாக்கிய உடை, உலோகமின்றித் துணிப்பட்டைகளாலும் கம்பிகளாலும் ஆனது. 2022-இல் அமெரிக்கத் தரைப்படைக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய முதுகுத் துணைக்கருவியில் மோட்டாரோ மின்கலமோ இல்லை. குனிந்து நிமிரும்போது முதுகுத் தசையின் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் மீள்பட்டைகளே உண்டு. அதனை அணிந்து வீரர்கள் சோதனையாகச் செய்த வேலை, பீரங்கிக் குண்டுகளையும் சரக்குகளையும் தூக்கி அடுக்குவதாகும்.